தேர்தலில் தோற்ற பிறகு உங்களுக்கு மறக்காமல் நிற்பது எது?

தக்கலை ஏஜென்ட்:
எந்தக் கட்சிக்குப் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தேன் என்று சொல்லப் போவதில்லை. 2024-ல் டெல்லியில் ஆட்சி நான் ஆசைப்பட்டபடி அமையவில்லை, அவ்வளவுதான். ஆனால் எனக்கு உறுத்துவது ரிசல்ட் இல்லை, ஓட்டுப் போட்ட ஏப்ரல் 19 சாயங்காலம்.

காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவிலிருந்தே பூத்தில் இருக்கிறேன். எதிர்த்தரப்பு ஏஜென்ட் நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆறு மணிக்கு மேல், பதிவான ஓட்டுகளின் கணக்கான படிவம் 17சி எழுதும்போது கணக்கு இடித்தது. ஓட்டுப் போட வருபவர்கள் கையெழுத்துப் போடும் ரிஜிஸ்டரைவிட மிஷினில் ஒரு ஓட்டு குறைவு. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கியது. அந்த ஆள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தலைமை அலுவலரிடம் கேட்டு ரிஜிஸ்டரை முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்துப் பார்த்தார். ஒரு பாட்டி கையெழுத்துப் போட்டபின் ஓட்டுப் போட மறுத்துத் திரும்பியிருக்கிறார். அலுவலரின் குறிப்பு ஓரத்தில் இருந்தது. "கணக்கு சரிதான் மக்கா, ஒப்புப் போடு" என்றார்.

ரிசல்ட் வந்த மறுநாள், ஜூன் 5 காலையில் டீக்கடையில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தூத்தூர் பெண்:
உங்களுக்குத் தோற்பதற்காவது ஒரு ஓட்டு இருந்தது அண்ணா. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15-லேயே மீன்பிடித் தடை வந்துவிடும். எங்கள் மேற்குக் கரைக்கு ஜூன் 1-லிருந்துதான். அதனால் ஏப்ரல் 19 அன்று என் அண்ணன் ஆழ்கடலில் தங்கல் தொழிலில், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் வேலையில் இருந்தான். ராணுவத்தில் இருப்பவருக்குத் தபால் ஓட்டு உண்டு, கடலில் இருப்பவனுக்கு இல்லை. 2017-ல் ஒக்கி புயலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி குழித்துறை தண்டவாளத்தில் உட்கார்ந்தோமே, அந்தக் கூட்டத்தில் அவனும் இருந்தான். அரசாங்கத்திடம் கேட்க எங்களுக்கு நிறைய இருக்கிறது.

கரைக்கு வந்ததும் அவன் முதலில் பார்த்தது என் விரல் நகத்தைத்தான். மை பாதி வளர்ந்து மேலே ஏறியிருந்தது. யாருக்குப் போட்டாய் என்று கேட்கவே இல்லை. "நீயாவது போட்டியே" என்றான். அதைச் சொன்னபோது அவன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

குலசேகரம் பால்வெட்டு:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். விடியுமுன் ரப்பர் வெட்டி, பால் எடுத்து ஷீட் அடித்துவிட்டு பூத்துக்குப் போனால் பட்டியலில் பெயர் இல்லை. வீடு மாறியதில் நீக்கிவிட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

எல்லோரும் ஒன்று செய்யுங்கள். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். வழக்கமாக ஜனவரியில் வரும் இறுதி வாக்காளர் பட்டியலில் உங்கள் பாகத்தை வரி வரியாகப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6, முகவரி மாறினால் படிவம் 8. பிள்ளைகளுக்கு 18 முடிந்தால் ஜனவரி வரை இருக்க வேண்டாம். ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் இப்போது தகுதி நாள்கள்தான். உங்கள் ஓட்டை வேறு ஆள் போட்டிருந்தால் சண்டை போடாமல் ஆய்வுக்குரிய வாக்கு (டெண்டர்ட் ஓட்டு) கேளுங்கள், விதி 49P. ஆனால் பட்டியலில் பெயரே இல்லையென்றால் அது கிடைக்காது. கடலுக்குப் போகிறவர்கள் தபால் ஓட்டு கேட்டு மனு கொடுங்கள், ஒரு ஊராகச் சேர்ந்து கொடுங்கள்.

நாகர்கோவில் ஓய்வு ஆசிரியர்:
தம்பி, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் அந்தப் பிள்ளை படிவம் கேட்கவில்லை, அண்ணனுக்கு ஓட்டு இல்லை என்ற வருத்தத்தைச் சொன்னது. மனு கொடுக்காமலா இருந்திருப்பார்கள்?

இந்தப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராடியவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11-ல் போலீஸ் சுட்டபோது என் அப்பா புதுக்கடையில் இருந்தார். அப்படிச் சேர இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று, 1956 நவம்பர் 1. 1967-ல் விருதுநகரில் காமராஜர் தோற்றபோது வீட்டில் இரண்டு நாள் உலை வைக்கவில்லை. எங்கள் எம்.பி. நேசமணி மறைந்து 1969-ல் இங்கே இடைத்தேர்தல் வந்தது, காமராஜர் நின்றார். அன்றைக்கு அப்பா வெள்ளை வேட்டியைத் துவைத்து, மடிப்புக் கலையாமல் உடுத்தி, என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். காமராஜர் ஜெயித்தார். ஆனால் அப்பா தான் விரும்பியவர் தோற்ற தேர்தல்களுக்கும் அதே வேட்டிதான் உடுத்திப் போனார். 1971-க்குப் பிறகு அப்படிப் பல தேர்தல்கள்.

தக்கலைக்காரரே, அந்த டீக்கடைக்குப் போய்விட்டு வந்து எழுதுங்கள்.

தக்கலை ஏஜென்ட்:
இன்று போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேப்பரின் நடுத்தாளை உருவி என்னிடம் தந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் படித்தோம். அப்புறம், "அடுத்த எலெக்‌ஷனுக்கும் ஏஜென்டா வருவியா மக்கா?" என்று கேட்டார்.

வருவேன் என்றேன்.