பல் மருத்துவம் படிக்க கம்யூனிட்டி காலேஜில் எடுத்த சயின்ஸ் பாடங்களை ஏற்பார்களா?

தாம்வே தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். நான் மியான்மரில், யாங்கோனில் இருக்கிறேன். தங்கை கல்யாணமாகி கலிஃபோர்னியா போய் ஒன்றரை வருடம் ஆகிறது, கிரீன் கார்டு இருக்கிறது. இங்கே டகோன் யுனிவர்சிட்டியில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள், முதலில் கொரோனாவுக்கு மூடினார்கள், அப்புறம் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அவள் திரும்பிப் போகவே இல்லை. பல் டாக்டர் ஆக வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் ஆசை, மாப்பிள்ளையும் படி என்கிறார். வீட்டுக்குப் பக்கத்திலேயே கம்யூனிட்டி காலேஜ், அதாவது முதல் இரண்டு வருடப் பாடங்களைப் படிக்கிற அரசுக் கல்லூரி இருக்கிறது, யூனிட்டுக்கு (பாட அளவுக் கணக்கு) 46 டாலர்தான். ஆனால் அவள் நாத்தனார், அங்கே எடுத்த மார்க்கை பல் கல்லூரிகள் மதிக்காது, கடன் வாங்கியாவது பெரிய யுனிவர்சிட்டிக்கு நேரே போ என்கிறாராம். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. இது உண்மையா? இங்கே படித்த பாடங்கள் அங்கே செல்லுமா?

லத்தா அக்கா:
தம்பி, அந்த 46 டாலர் மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான கட்டணம். ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வசித்திருக்க வேண்டும், தங்கைக்கு அது முடிந்துவிட்டது, ஆதாரக் காகிதங்களை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மற்றதைப் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பல் படிக்கிறேன்:
தம்பி, நானும் யாங்கோன் பிள்ளைதான், கம்யூனிட்டி காலேஜ் வழியாக வந்து இப்போது அமெரிக்காவில் பல் கல்லூரியில் இருக்கிறேன். மதிக்காது என்று மொத்தமாகச் சொல்வது சரியில்லை. பல கல்லூரிகள் ஏற்கும், சில கல்லூரிகள் கம்யூனிட்டி காலேஜ் யூனிட்டுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கும், சில இடங்களில் நான்கு வருட யுனிவர்சிட்டியில் எடுத்ததையே விரும்புவார்கள். அதனால் அவள் விண்ணப்பிக்க நினைக்கிற ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்தையும் இப்போதே திறந்து பார்க்க வேண்டும், முடித்த பிறகு அல்ல.

பொதுவாகக் கேட்பது பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், ஒவ்வொன்றும் லேபோடு ஒரு முழு வருடம், செமஸ்டர் கணக்கில் 8 யூனிட். காலேஜ் செமஸ்டரை விடச் சிறிய டெர்ம்கள் கொண்ட குவார்ட்டர் முறையில் நடந்தால் அதே அளவுக்கு 12 யூனிட் வேண்டும், இதைக் கவனிக்காமல் விட்டால் கடைசியில் யூனிட் குறையும். பயோகெமிஸ்ட்ரி பெரும்பாலும் மேல் வகுப்புப் பாடம், அதை கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறி (டிரான்ஸ்ஃபர் ஆகி) போன பிறகு யுனிவர்சிட்டியில்தான் எடுக்க முடியும். அங்கே போய் மேல் வகுப்பு பயாலஜி பாடங்கள் சிலவற்றிலும் நல்ல மார்க் வாங்கினால், கம்யூனிட்டி காலேஜ் மார்க்கைப் பெரிதாகச் சந்தேகப்பட மாட்டார்கள். எனக்கு வழி திறந்தது அப்படித்தான்.

ரொம்ப முக்கியமான ஒன்று: ஒரே காலேஜில் கெமிஸ்ட்ரி என்ற பெயரில் இரண்டு மூன்று பாடம் இருக்கும். நர்சிங், பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் படிப்புகளுக்குப் போகிறவர்களுக்கான அறிமுக கெமிஸ்ட்ரி வேறு, சயின்ஸ் மேஜருக்கான ஜெனரல் கெமிஸ்ட்ரி வேறு. பல் கல்லூரிக்கு இரண்டாவதுதான் வேண்டும். கலிஃபோர்னியாவில் அசிஸ்ட் என்று ஒரு இணையதளம் இருக்கிறது, எந்தக் காலேஜ் பாடம் எந்த யுனிவர்சிட்டி பாடத்துக்குச் சமம் என்று அதில் பார்க்கலாம்.

டகோனில் படித்ததை, சேர்வதற்கு முன் முடிக்க வேண்டிய பாடமாகப் பெரும்பாலான பல் கல்லூரிகள் ஏற்காது, அமெரிக்காவிலோ கனடாவிலோ திரும்பப் படிக்கச் சொல்வார்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அடிப்படை அவளுக்குத் தெரிந்திருப்பதால் முதல் கெமிஸ்ட்ரி வகுப்பில் நல்ல மார்க் வாங்கலாம். அந்த மார்க்குக்கு அவ்வளவு மதிப்பு, ஏனென்றால் பல் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போகிற ஆட்சாஸ் (AADSAS) என்ற பொது முறையில் ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தாலும் பழைய மார்க், புது மார்க் இரண்டையும் சேர்த்துத்தான் சராசரி மார்க்கான ஜிபிஏ போடுகிறார்கள். முதல் தடவையே நன்றாக எடுக்க வேண்டும். வேலை, வீடு எல்லாம் வைத்துக்கொண்டு ஒரே டெர்மில் மூன்று லேப் பாடம் எடுக்க வேண்டாம்.

தாம்வே தம்பி:
அக்கா, இப்போதுதான் அவளிடம் பேசினேன். அடுத்த டெர்முக்குப் பதிவு செய்திருப்பது நீங்கள் சொன்ன அந்த நர்சிங் கெமிஸ்ட்ரிதான்! காலேஜில் பாடத் தேர்வுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் எதில் சேர்கிறாய் என்று கேட்டதற்கு இவள் பல் துறை என்றாளாம், அவர் ஹைஜீனிஸ்ட் என்று எடுத்துக்கொண்டார் போல.

பல் படிக்கிறேன்:
நல்லவேளை, இன்னும் தொடங்கவில்லை. இப்போதே மாற்றலாம். பல் டாக்டர் படிப்பு, டிரான்ஸ்ஃபர் ஆகப் போகிறேன் என்று தெளிவாகச் சொல்லி வேறு நேரம் வாங்கிப் பேசச் சொல்லுங்கள். ஜெனரல் கெமிஸ்ட்ரிக்கு முன் ஒரு தகுதித் தேர்வோ கணிதப் பாடமோ கேட்பார்கள், அதையும் அன்றைக்கே கேட்டுவிடட்டும்.

பல் கல்லூரியில் சேர எழுதுகிற டாட் (DAT) தேர்வு பற்றி இப்போது கவலை வேண்டாம். அதில் வருகிற பயாலஜி, இரண்டு கெமிஸ்ட்ரி, எல்லாம் இந்தப் பாடங்களிலிருந்துதான் வரும், ஆர்கானிக் முடித்ததும் எழுதினால் போதும். 2025 மார்ச்சிலிருந்து மதிப்பெண் 200 முதல் 600 வரை என்று மாற்றிவிட்டார்கள், பழைய வீடியோக்களில் 20, 22 என்று சொல்வதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பணத்தைப் பற்றி அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். அங்கே தனியார் பல் கல்லூரிகளில் மொத்தச் செலவு நான்கு லட்சம் டாலரைத் தாண்டும். கிரீன் கார்டு இருப்பதால் அரசுக் கடன் கிடைக்கும், ஆனால் 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்கு இந்த மாதிரித் தொழிற்படிப்பில் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர்தான் உச்சம். முதல் இரண்டு வருடத்தை 46 டாலர் யூனிட்டில் முடிப்பது அதனால்தான் புத்திசாலித்தனம். நாத்தனார் அக்கறையில் சொல்லியிருப்பார், இந்தக் கணக்கை அவரிடமும் காட்டுங்கள்.

மௌலமியன் பையன்:
நானும் பள்ளி முடிப்புக்குச் சமமான ஜிஇடி தேர்வு முடித்திருக்கிறேன் அக்கா, இதே மாதிரி கம்யூனிட்டி காலேஜுக்கு வரலாமா?

பல் படிக்கிறேன்:
தம்பி, உன் நிலை வேறு. 2025 ஜூன் 9 முதல் மியான்மர் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க மாணவர் விசாவை நிறுத்திய உத்தரவு வந்தது. தூதரகப் பக்கத்தில் இன்றைய நிலையைப் பார்க்காமல் எந்த ஏஜெண்டிடமும் பணம் கட்டிவிடாதே. கட்டுவதற்கு முன் இங்கே எழுது.

தாம்வே தம்பி:
அக்கா, ஜெனரல் கெமிஸ்ட்ரிக்கு மாற்றிவிட்டாள், சனிக்கிழமை லேப். ரொம்ப நன்றி.