கைக்குத் தோணி, காலுக்குப் படகு

அன்புள்ள குழுவினருக்கு,

இயன்மருத்துவ மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாதத்தின் 26 எலும்புகளில் விரலெலும்புகள் 14, அவற்றைத் தாங்கும் நீள எலும்புகள் 5 ஆகியவற்றில் நமக்குள் வழக்கில்லை. எஞ்சிய 7 எலும்புகளுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதில்தான் நிற்கிறோம்.

இவற்றுள் கணுக்கால் மூட்டில் சேர்வது ஒன்றே. தசை எதுவும் பற்றாமல் கீழ்க்கால் எலும்புகளுக்கும் குதிகால் எலும்புக்கும் இடையே அமர்ந்திருக்கும் அதற்கு, இலத்தீன் பெயர் சூதாடு காயையும் குறிக்கும் என்பதால், ‘கவறெலும்பு’ என்றார் மதுரை ஐயா. விலங்குகளின் அவ்வெலும்பையே அக்காலத்தில் உருட்டி ஆடினர் என்பது உண்மைதான். ஆனால் கவறு என்றால் என்னவென்று விளக்கவே எனக்கு அரைமணி நேரம் ஆகும். கணுக்காலுக்குப் பழஞ்சொல்லான ‘பரடு’ கைவசம் இருக்க, ‘பரட்டெலும்பு’ போதும்.

அடுத்தது படகு வடிவ எலும்பு. ‘நாவாயெலும்பு’ என்று முன்மொழிந்தவர், நாவாய் தமிழ்ச்சொல்லா வடசொல்லின் திரிபா என்று மூன்று மடல்கள் எழுதினார். நிலத்தில் நாவாய் ஓடாது என்னும் குறளைக் காட்டி மற்றொருவர் மறுத்தார். அதே குறளில் தேருக்குக் ‘கால்’ இருப்பதை இருவருமே கவனிக்கவில்லை. என் தடை வேறு: மணிக்கட்டிலும் படகுப் பெயர் கொண்ட எலும்பு உண்டு. ‘படகெலும்பு முறிவு’ என்று சீட்டில் எழுதினால் மாவுக்கட்டைக் கையில் போடுவதா, காலில் போடுவதா? ஆகவே கைக்குத் ‘தோணியெலும்பு’, காலுக்குப் ‘படகெலும்பு’ எனப் பிரித்துவிடலாம். நேற்று வகுப்பில், உட்கணுவுக்கு முன்னே சற்றுக் கீழே விரலால் அழுத்தி, மேடாகத் தட்டுப்படுவதைத் தொட்டபடியே இப்பெயரைச் சொன்னேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

‘ஆப்பெலும்பு’ என்றதும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வளைவில் செருகிய கற்களைப் போல் பாதத்தின் குறுக்கு வளைவைத் தாங்கும் ஆப்பு வடிவ எலும்புகள் மூன்றுக்கும் தச்சர் சொல்லே பொருத்தம். ஏழாவதற்கான ‘கனசதுர எலும்பு’ என்னும் பெயர் தமிழல்ல என்போர், கணக்குப் பாடத்தில் அதை முதலில் மாற்றிவிட்டு வரட்டும்.

மறுப்பு இருப்பின் நாளை மாலைக்குள் எழுதுக.

மறுமொழி:

அன்புடையீர், படகுக்கு நான் உடன்படுகிறேன், பரட்டுக்கு உடன்படவில்லை. ஊரில் ‘கரண்டைக்கால்’ என்பார்களே தவிர, பரடு என்று ஒரு நோயாளியும் சொல்லி நான் கேட்டதில்லை. மேலும், இலங்கைப் பாடநூல்களில் ‘என்பு’ வழங்கும்போது, ஏழு பெயர்களிலும் ‘எலும்பு’ என்றே எழுதப்போவது யார் முடிவு?