சுரங்கத்துக் குளத்தில் ஆவியாகும் தண்ணீருக்கும் ஈடு கொடுக்கணுமா?

ஆரல்வாய்_காற்று:
நாகர்கோவிலில் இருந்தபடியே அமெரிக்கச் சுரங்கங்களுக்கு வரைபடமும் கணக்கும் போட்டுத் தரும் வேலை எனக்கு. இப்போது கையில் இருப்பது கொலராடோ மாநிலத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் கோப்பு. தோண்டிப் போட்ட மண் மழையில் கரைந்து ஓடையில் சேராமல் இருக்க, வண்டல் குளங்கள் வெட்டியிருக்கிறார்கள். 1977ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தால் வந்த கட்டாயம் அது. கலங்கல் தண்ணீர் குளத்தில் நிற்கும், மண் அடியில் தங்கும், தெளிந்தது ஓடைக்குப் போகும். நிற்கிற நேரத்தில் வெயிலில் கொஞ்சம் போய்விடும் அல்லவா? அந்தக் கொஞ்சத்துக்கும் சுரங்கம் வேறிடத்தில் தண்ணீர் பிடித்து ஆற்றில் விட்டாக வேண்டும். ஆற்றின் கீழ்ப்பக்கம் முன்பே தண்ணீர் உரிமை பெற்றவருக்கு ஒரு சொட்டும் குறையக் கூடாதாம். நெய்வேலிக்கும், நம் மாவட்டத்துக் கல்குவாரிகளுக்கும் இப்படி ஒரு விதி வந்தால் என்ன?

சுரங்கத்துக்காரன்:
தம்பி, நான் நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று தக்கலையில் இருக்கிறேன். நீங்கள் பிடித்திருப்பது யானையின் வால். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்று நீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே மேலே பொங்கி வரும். இறைத்த நீர் பாசனத்துக்கும் போகிறது. தரையடி நீர்மட்டம் இறங்கியதைப் பேசுங்கள், நானும் சேர்ந்து பேசுகிறேன். அதை விட்டுவிட்டு, குளத்தில் ஆவியாவதற்கு ஈடு கேட்பது வேலையற்ற வேலை.

இன்னொன்று. குளத்தை வெட்டச் சொல்வதும் அரசு, வெட்டியதற்கு அபராதம் போடுவதும் அரசா? அப்புறம் எவனும் குளத்தைச் சின்னதாகத்தான் வெட்டுவான். சேறு வயலுக்கு வரும்.

ஆரல்வாய்_காற்று:
இஷ்டத்துக்குச் சின்னதாக வெட்ட முடியாது சார். 10 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய 24 மணி நேர மழையைத் தாங்கும்படி அளவு போட வேண்டும். வெளியே போகும் தண்ணீரில் மிதக்கும் மண் ஒரு லிட்டருக்கு எந்த நாளும் 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, 30 நாள் சராசரி 35. பெருமழை நாளுக்குத் தனி அளவுகோல் உண்டு. சுரங்க நிறுவனம் செய்யக்கூடியது, குளத்தை ஆழமாக வெட்டிப் பரப்பைக் குறைப்பது, தெளிந்ததும் தேக்காமல் சீக்கிரம் திறந்துவிடுவது. ஈடு கொடுக்கணும் என்ற பயம் இருந்தால் அதைச் செய்வார்கள்.

கணக்கும் குருட்டுக் கணக்கு இல்லை. ஆவியாகும் அளவிலிருந்து, குளமே இல்லாமல் இருந்தாலும் அந்த மண்ணும் புல்லும் குடித்திருக்கும் மழைப் பங்கைக் கழிப்பார்கள். பனி உறைந்த மாதங்களுக்குக் கணக்கே கிடையாது. மிச்சத்துக்குத்தான் ஈடு.

கடைமடை_தோவாளை:
எவ்வளவுதான் வரும் மக்கா? எனக்குப் புரிகிற அளவில் சொல்லும்.

ஆரல்வாய்_காற்று:
உதாரணத்துக்கு இரண்டு ஹெக்டேர் குளம், கழிக்க வேண்டியதெல்லாம் கழித்தது போக ஆண்டுக்கு 75 சென்டிமீட்டர் ஆவி என்று வையுங்கள். 15,000 கன மீட்டர், அதாவது ஒன்றரைக் கோடி லிட்டர். ஒரு பூ (ஒரு போகம்) நெல்லுக்கு 120 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் மூன்று ஏக்கர் விளையும்.

கடைமடை_தோவாளை:
மூணு ஏக்கர்! சுரங்கத்துக்காரர் அண்ணாச்சிக்கு அது யானை வால். ஜூனில் பேச்சிப்பாறை அணை திறந்து, தோவாளை கால்வாயில் கடைசி ஆளுக்குத் தண்ணீர் வந்து சேரும்போது கன்னிப்பூ, அதான் முதல் போக நாற்று பழுத்துப் போயிருக்கும். எங்களுக்கு மூணு ஏக்கர் தண்ணீர் பெரிசுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். குளத்துத் தண்ணீர் கீழேயும் இறங்குமே, அதற்கும் ஈடு உண்டா?

ஆரல்வாய்_காற்று:
கீழே இறங்கியது மண்ணுக்குள் நடந்து எப்போதாவது ஓடைக்குத் திரும்பிவிடும். அதை முழு இழப்பாக எடுக்க மாட்டார்கள். திரும்பி வரும் தாமதத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள், மாதக் கணக்கில்கூட ஆகலாம். ஈடு கொடுக்கும்போதும் இதே கறார்தான்: எந்த மாதம் குறைந்ததோ அந்த மாதம், பாதிக்கப்பட்டவரின் மதகுக்கு மேலே வந்து சேர வேண்டும். மேலே ஒரு அணையில் தண்ணீரை விலைக்குப் பிடித்துத் திறந்துவிடுவார்கள். இல்லையென்றால், ஏற்கனவே பாசனம் நடந்த நிலம் ஒன்றை வாங்கித் தரிசாகப் போட்டு, அங்கே பயிர் குடித்து வந்த அளவை ஆற்றுக்கு விடுவார்கள்.

சுரங்கத்துக்காரன்:
பார்த்தீர்களா, குட்டு வெளிப்பட்டது. சுரங்கத்துக் குளத்துக்கு ஈடாக ஒரு விவசாயி நிலத்தைத் தரிசு போடுகிறார்கள். இதையா நாஞ்சில் நாட்டுக்குக் கொண்டு வரச் சொல்கிறீர்கள்? இருக்கிற வயலில் பாதி ஏற்கனவே பிளாட்டாகி நிற்கிறது.

மார்த்தாண்டம்_வக்கீல்:
சட்டத்தை விட்டுவிட்டு இரண்டு பேரும் பேசுகிறீர்கள். கொலராடோவில் முதலில் எடுத்துப் பயன்படுத்தியவனுக்கே முதல் உரிமை. 1876 அரசியல் சாசனத்திலேயே அது இருக்கிறது. ஒவ்வொரு உரிமைக்கும் தேதி உண்டு, அளவு உண்டு, தனி நீர் நீதிமன்றமே உண்டு. வறண்ட மாதத்தில் பழைய தேதிக்காரர் தன் பங்கு வரவில்லை என்று கேட்டால் புதிய தேதிக்காரர் மதகை மூட வேண்டும். சுரங்கத்துக் குளம் புதிய தேதி. மூட முடியாது, மூடினால் கலங்கல் ஓடைக்குப் போகும். அதனால்தான் ஈடு.

நம்மிடம் மாமூல் பாசனம், அதாவது காலங்காலமான வழக்கப்படி நடக்கும் பாசனம் இருக்கிறது. தேதி போட்டு, கன அடி எழுதி, ஆளுக்கு ஆள் உரிமைப் பத்திரம் கிடையாது. விளவங்கோட்டுக்காரர்களைக் கேளுங்கள். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004 முதல் கேரளா தண்ணீர் விடவில்லை. ஒரு கால்வாயே வற்றிக் கிடக்கும்போது ஈடு கேட்க வழியில்லை, ஆவிக்கு எந்த நீதிமன்றத்தில் மனு போடுவீர்கள்?

ஆரல்வாய்_காற்று:
வக்கீல் சார், குவாரிக்கு நேராகப் பொருந்தும் விதியும் அங்கே இருக்கிறது. ஜல்லி எடுத்த குழியில் நிலத்தடி நீர் திறந்து கிடந்தால் ஆவியாவதற்கு ஈடு கொடுக்க வேண்டும். 1980 முடிவதற்கு முன்பே திறந்துவிட்ட குழிக்கு மட்டும் விலக்கு. நம் கல்குளம், விளவங்கோடு பக்கம் பாறைக் குழிகளில் நிற்பது மழையும் ஊற்றும் கலந்த தண்ணீர். பக்கத்துக் கிணறு இறங்கினால் கேட்பாரில்லை.

சுரங்கத்துக்காரன்:
அங்கே மழை குறைவு, காற்று வறண்டது. இங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது, உங்கள் கணக்கின்படியே மழைப் பங்கைக் கழித்தால் குழிக்கு ஒன்றும் தேறாது. ஆரல்வாய்மொழிக் காற்றில் வேண்டுமானால் கொஞ்சம் தேறும்! கிணறு இறங்குவது குழியிலிருந்து பம்பு வைத்து இறைப்பதால். ஆவியைத் துரத்திக்கொண்டு போனால் பம்பு தப்பித்துவிடும். எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த ஓடையில் விட்டது என்று பதிவேடு வைக்கச் சொல்லுங்கள், போதும்.

கடைமடை_தோவாளை:
பதிவேட்டை எழுதுவது குவாரிக்காரனே என்றால் அதில் என்ன இருக்கும் அண்ணாச்சி? பம்புக்கு மீட்டர் மாட்டி, மாதாமாதம் ரீடிங்கைப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் எழுதச் சொன்னால் நான் ஒத்துக்கொள்கிறேன்.

மார்த்தாண்டம்_வக்கீல்:
கிராம சபையில் தீர்மானம் போட்டு மனுவோடு இணைக்கலாம். அதற்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் ஆவி விவகாரத்தை அதில் சேர்க்காதீர்கள், எதிர்த்தரப்பு அதை மட்டும் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

ஆரல்வாய்_காற்று:
சிரிக்கட்டும், நான் சேர்க்கத்தான் போகிறேன். வரைவை நாளைக்கு இங்கேயே போடுகிறேன், கிழியுங்கள்.