சேண்ட் வெர்பினா அந்துப்பூச்சி: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கோமாக்ஸிலிருந்து:

வான்கூவர் தீவின் கிழக்குக் கரையில், கோமாக்ஸ் ஊரை ஒட்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டுதான் கூஸ் ஸ்பிட். இந்த அந்துப்பூச்சி உலகத்திலேயே கனடா, அமெரிக்க எல்லையில் இருக்கும் சாலிஷ் கடலின் சில மணல்மேடுகளில் மட்டும்தான் வாழ்கிறது. அதில் எங்கள் ஊரும் ஒன்று. 1995-ல்தான் இதைத் தனி இனமாக விவரித்தார்கள். 2003-லேயே அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கனடாவில் மதிப்பிட்டுவிட்டார்கள்.

ஜூனில் இங்கே பொழுது சாய ஒன்பதரை ஆகிவிடும். அதற்கப்புறம்தான் இது வெளியே வரும். மஞ்சள் சேண்ட் வெர்பினா, நம்மூர் அடும்புக்கொடி போல மணலோடு மணலாகப் படர்ந்து கிடக்கும் செடி. இலை தடிப்பாக, தொட்டால் பிசுபிசுவென்று இருக்கும். அந்தப் பசையில் மணல் அப்பிக்கொண்டு சொரசொரப்பாகிவிடும். மணலைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பூச்சிகள் அந்த இலையைக் கூடுதலாகத் தின்கின்றன என்று கலிஃபோர்னியாவில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஆக, மணல்தான் அதற்குக் கவசம். ஆனால் இந்த அந்துப்பூச்சியின் புழுவுக்கு உணவே இந்தச் செடிதான். வேறு எதையும் தொடாது.

இருட்டியதும் பூவின் வாசம் தூக்கலாக வந்தது. சிவப்பு விளக்கைத் தாழ்த்திப் பிடித்தேன். ஒரு பூங்கொத்தின் மேல் பழுப்புப் பொன்னிறத்தில் ஒன்று உட்கார்ந்து தேன் குடித்துக்கொண்டிருந்தது. சிறகில் நீளவாக்கில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடுகள். பக்கத்துக் கொத்தில் இன்னொன்று, வயிற்று நுனியை வளைத்துப் பூவுக்குள் நுழைத்து முட்டையிட்டது. குடிப்பதும் அங்கே, பிள்ளை வளர்ப்பதும் அங்கே. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

சியாட்டிலிலிருந்து:

கொடுத்து வைத்தவர் அக்கா! நான் அமெரிக்கப் பக்கம் இருக்கும் விட்பி தீவில், டிசப்ஷன் பாஸ் பூங்காவில் தேடினேன். போனது வசந்த காலம், அதுவும் பட்டப்பகல். பூச்சி கிடைக்கவில்லை, ஆனால் ஓரம் கடிபட்ட இலைகளைப் பார்த்தேன். இதே புழுவின் வேலைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. பகலில் புழு மணலுக்குள் புதைந்துகொள்ளும், ராத்திரிதான் மேலே வந்து தின்னும். குளிர்காலம் முழுக்க மணலுக்குள்தான் கிடக்கும், கூட்டுப்புழு ஆவதும் அதற்குள்ளேயே. அதனால் செடி இல்லாத வெற்று மணல் என்று நினைத்து மிதித்துவிடாதீர்கள்.

விக்டோரியாவிலிருந்து:

மிதிப்பதும் கெடுதல்தான். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்காட்ச் ப்ரூம் என்ற புதர். 1850-ல் கேப்டன் கிராண்ட் என்பவர் எங்கள் வான்கூவர் தீவின் சூக் பகுதியில் விதைத்தது, இன்று எங்கு பார்த்தாலும் நிற்கிறது. அது வேர் விட்டால் மணல் அசையாது. அப்புறம் பாசி, புல் என்று ஒவ்வொன்றாக வந்து மூடிவிடும். காற்றில் நகரும் திறந்த மணல் இல்லாவிட்டால் வெர்பினா மெல்ல மெல்ல ஒழிந்துபோகும்.

நாங்கள் சில பேர் சேர்ந்து ப்ரூமை வெட்டி எடுக்கிறோம். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைகளில் மணலைக் கட்டிப்போடச் சவுக்கு வைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். பச்சையை வெட்டி மணலைத் திறந்துவிடுவது முதலில் மனசுக்கு ஒப்பவில்லை. இப்போது நிச்சயமாகச் சொல்வேன், இங்கே மரம் நடுவதுதான் தப்பு. அடுத்த வருஷம் அந்த வெற்றிடத்தில் வெர்பினா துளிர்த்திருந்தது. பெரிய புதரை வேரோடு பிடுங்காதீர்கள் தம்பி, மண் கிளறப்பட்டால் கிடக்கிற விதையெல்லாம் முளைத்துவிடும். தரையோடு ஒட்ட வெட்டுங்கள், பூக்கிற சமயத்தில் வெட்டினால் இன்னும் நல்லது.

கோமாக்ஸிலிருந்து:

பார்க்க வர நினைப்பவர்கள் மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கத்துக்குள் வாருங்கள். பாதையை விட்டு இறங்காமல் நின்றாலே தெரியும். பிடிக்கவோ பூவைப் பறிக்கவோ வேண்டாம், அந்தப் பூவுக்குள்தான் முட்டை இருக்கும்.