புராசஸர் மின்நுகர்வு கழித்தல் எண்ணாக வருகிறது, உதவி தேவை

இரவுத்தறி:
வணக்கம். என் நிரல் ஓடும்போது புராசஸர் சராசரியாக எத்தனை வாட் எடுக்கிறது என்று அளக்க வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை எண்ணைப் படித்து, கழித்து, நேரத்தால் வகுத்தேன். முதல் இரவு 11 வாட். நேற்று அதே வேலைக்கு −12 வாட். கழித்தல் எண் எப்படி வரும் என்றே புரியவில்லை. நாளை காலை அறிக்கை கொடுத்தாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மின்னோட்டம்:
எந்த எண்ணைப் படித்தீர்கள்? இன்டெலா, ஏஎம்டியா? லினக்ஸா, விண்டோஸா? வேலை எவ்வளவு நேரம் ஓடியது? இவை இல்லாமல் ஊகம்தான் சொல்ல முடியும்.

பழுதுநீக்கி:
ஊகம் எதற்கு? இந்தச் சந்தேகத்துக்கு நானே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் புதியவர்களிடம் இல்லை. புராசஸர் செலவழித்த ஆற்றலை எண்ணிக்கொண்டே போகும் ஆர்ஏபிஎல் கவுன்ட்டர் 32 பிட் அகலம் உடையது. நிரம்பியதும் சுழியத்துக்குத் திரும்பும். விடை கழித்தல் எண்ணாக வந்தால் உச்ச மதிப்பை ஒருமுறை கூட்டுங்கள். அடிப்படைப் பாடம் இது.

வெப்பத்தட்டு:
மென்பொருள் காட்டும் எண்ணை நம்பி அறிக்கை எழுதாதீர்கள் என்பதே என் கருத்து. பிளக்கில் மாட்டும் மீட்டர் ஒன்றை வாங்குங்கள். கணினி உண்மையில் இழுக்கும் மின்சாரத்தை அதுதான் காட்டும்.

மூலநிரல்:
மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுகிறீர்களா? அங்கே இந்தக் கவுன்ட்டர்கள் பெரும்பாலும் தெரியாது, தெரிந்தாலும் நம்ப முடியாது. ரூட் (நிர்வாகி) அனுமதியோடு படித்தீர்களா? 2020 நவம்பரில் பிளாட்டிபஸ் தாக்குதல் வெளியானது. மின்நுகர்வின் ஏற்ற இறக்கத்தை வைத்தே ரகசியச் சாவிகளைக் கண்டுபிடிக்கலாம் என்று அதில் காட்டினார்கள். அதன் பிறகு லினக்ஸில் சாதாரணப் பயனர் இந்தக் கவுன்ட்டரின் கோப்பைப் படிக்க முடியாது. என் சந்தேகம் அங்கேதான்.

மின்னோட்டம்:
அனுமதி இல்லையென்றால் பிழைச் செய்திதான் வரும், கழித்தல் எண் வராது. அவர் எந்தப் பகுதியைப் படித்தார் என்பதையும் அறிய வேண்டும். பேக்கேஜ் என்பது முழு சிப்பின் கணக்கு, அதற்குள்ளேயே கோர்களின், அதாவது கணக்கிடும் தனி அலகுகளின், கணக்கும் அடங்கும். இரண்டையும் கூட்டினால் ஒரே மின்சாரத்தை இருமுறை எண்ணுவோம்.

இரவுத்தறி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். லினக்ஸ், நேரடியாகக் கணினியில்தான். இன்டெல் ஐ7, 9ஆம் தலைமுறை, பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கிறது. லினக்ஸ் இந்தக் கவுன்ட்டர்களைக் காட்டும் பவர்கேப் கோப்புறையில் பேக்கேஜுக்கு உரிய ஆற்றல் கோப்பை ரூட்டாகப் படித்தேன். இரண்டு முறையும் வேலை 3 மணி 10 நிமிடம் ஓடியது, எட்டு கோர்களும் முழு வேகத்தில்.
முதல் இரவு: தொடக்கம் 41.2 கிலோஜூல், முடிவு 166.8.
இரண்டாம் இரவு: தொடக்கம் 201.7, முடிவு 65.1.
உச்ச மதிப்புக் கோப்பில் 262.1 கிலோஜூல் இருக்கிறது. பழுதுநீக்கி சொன்னபடி கூட்டினேன். இரண்டாம் இரவுக்கும் 11 வாட் வந்துவிட்டது. இரண்டும் பொருந்துகின்றன. அப்படியே எழுதிவிடலாமா?

பழுதுநீக்கி:
எழுதுங்கள். இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

கடைசிபிட்:
எழுதாதீர்கள், தயவுசெய்து பொறுங்கள். எட்டு கோர்களும் முழு வேகத்தில் ஓடும் மேசைக் கணினிப் புராசஸர் 11 வாட்டில் நிற்காது. இரண்டு எண்களும் பொருந்துவதற்குக் காரணம், இரண்டிலும் ஒரே பிழை இருப்பது.

கவுன்ட்டர் சுழல்கிறது என்று பழுதுநீக்கி சொன்னது சரி. எத்தனை முறை சுழன்றது என்பதை அவர் கேட்கவில்லை. உங்கள் கணினியில் ஓர் அலகு ஏறத்தாழ 61 மைக்ரோஜூல். 32 பிட் நிரம்ப 262 கிலோஜூல் போதும். பழைய வண்டியின் கிலோமீட்டர் காட்டி 99999 தாண்டினால் 00000 ஆகும் அல்லவா, அதே கதைதான். நீண்ட பயணத்தின் இரு முனைகளில் மட்டும் அதைப் பார்த்தால், நடுவில் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணிலிருந்து தெரியாது.

முதல் இரவை எடுத்துக்கொள்வோம். வித்தியாசம் 125.6 கிலோஜூல், நேரம் 11,400 விநாடி. சுழலவே இல்லை என்றால் 11 வாட். ஒருமுறை சுழன்றிருந்தால் 34. இருமுறை என்றால் 57. மும்முறை என்றால் 80. ஒவ்வொரு சுழற்சிக்கும் 23 வாட் கூடுகிறது. இந்த நான்கில் எது உண்மை என்பதை உங்களிடம் உள்ள இரண்டு அளவீடுகள் சொல்லவே சொல்லாது. எனக்கு 80தான் பொருத்தமாகப் படுகிறது. அப்படியானால் கவுன்ட்டர் சுமார் 55 நிமிடத்துக்கு ஒருமுறை சுழன்றிருக்கும்.

சோதிப்பது எளிது. வேலையை ஓடவிட்டு, வேகம் நிலைபெற்றதும் சரியாக ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை படியுங்கள். 4.8 கிலோஜூல் கூடினால் 80 வாட். 0.66 மட்டும் கூடினால் 11.

மூலநிரல்:
முழு ஓட்டத்தையும் அளக்க, லினக்ஸின் அளவீட்டுக் கருவியான பெர்ஃபின் ஸ்டாட் கட்டளையில் பேக்கேஜ் ஆற்றல் நிகழ்வைக் கொடுங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இடையிடையே கவுன்ட்டரைப் படித்து 64 பிட்டில் சேர்த்துக்கொள்ளும், சுழற்சி உங்களைத் தொடாது. சொந்த ஸ்கிரிப்ட்தான் வேண்டும் என்றால் பத்து விநாடிக்கு ஒருமுறை படித்துக் கூட்டுங்கள். மில்லிவிநாடிக்குக் கீழே போக வேண்டாம். கவுன்ட்டரே ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. தூங்கும் கோரை அடிக்கடி எழுப்பினால் அந்த மின்சாரமும் உங்கள் கணக்கில் ஏறும்.

பழுதுநீக்கி:
65 வாட் புராசஸர் மூன்று மணி நேரம் சராசரியாக 80 வாட் எடுக்கும் என்பதை ஏற்க மாட்டேன். பெட்டியில் போட்டிருக்கும் அந்த 65 வாட்தான் டிடிபி, அது என்ன என்று படித்துவிட்டு வாருங்கள். 57தான் சரி.

கடைசிபிட்:
டிடிபி என்பது குளிர்விப்பானை வடிவமைப்பதற்கான எண், மின்நுகர்வின் கூரை அல்ல. ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் 65 வாட் என்று விற்கும் சிப்புக்கு 88 வாட் வரை அனுமதி உண்டு, 105 வாட் சிப்புக்கு 142. இன்டெல் 12900கே சிப்புக்கு அடிப்படை 125, டர்போ உச்சம் 241 என்று நிறுவனமே அச்சிட்டிருக்கிறது. புராசஸர் நீண்டநேரம் எடுக்கலாம் என்ற வாட் வரம்பை மதர்போர்டின் பயாஸ் (தொடக்க அமைப்பு மென்பொருள்) உயர்த்தி வைப்பதும் வழக்கம். விவாதம் வேண்டாம், அதே பவர்கேப் கோப்புறையில் அந்த வரம்பு மைக்ரோவாட்டில் இருக்கிறது. இரவுத்தறி பார்த்துச் சொல்லட்டும்.

வெப்பத்தட்டு:
இத்தனை குழப்பமும் மென்பொருளை நம்பியதால் வந்தது. மீட்டர் இருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. அந்த எண்ணை அளவீடு என்று சொல்வதே தவறு, அது கணிப்புதான்.

மின்னோட்டம்:
2011இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறைச் சிப்புகளோடு ஆர்ஏபிஎல் வந்தபோது அது கணிப்புதான். 2013இன் ஹாஸ்வெல் தலைமுறை முதல் இன்டெல் சிப்புகளில் உண்மையான மின்னோட்ட அளவீடு சேர்ந்துவிட்டது. உங்கள் மீட்டரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது பவர் சப்ளையின் இழப்பு, நினைவகம், மின்விசிறி, வட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். அவர் கேட்டது புராசஸரை மட்டும்.

வெப்பத்தட்டு:
மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தானே வருகிறது?

மின்னோட்டம்:
கட்டணத்தைக் கணக்கிட உங்கள் மீட்டர்தான் சரி. ஒரே நிரலின் இரண்டு வடிவங்களில் எது குறைவாகச் செலவழிக்கிறது என்று ஒப்பிடப் புராசஸர் எண்ணே மேல். மின்விசிறி வேகம் மாறினால்கூட மீட்டர் சில வாட் அசையும், நிரலின் சிறு முன்னேற்றம் அதில் மறைந்துவிடும்.

இரவுத்தறி:
ஒரு நிமிடத்தில் 4.78 கிலோஜூல் கூடியது. நீண்டநேர வரம்பு 95 வாட் என்று இருக்கிறது, நான் எதையும் மாற்றியதில்லை. பெர்ஃப் கொண்டு இப்போது முழு ஓட்டம் போகிறது. அனைவருக்கும் நன்றி.

பழுதுநீக்கி:
95 வைத்திருந்தால் 80 வரலாம். அந்த விவரத்தை முதல் பதிவிலேயே தந்திருக்க வேண்டும்.

கடைசிபிட்:
இரவுத்தறி, பயாஸில் வரம்பை 65க்கு இறக்கி இன்னோர் ஓட்டம் எடுக்க முடியுமா? வாட் குறையும், நேரம் நீளும். மொத்த ஜூல் குறைகிறதா கூடுகிறதா என்பதுதான் அறிக்கைக்குப் பயன்படும் எண். முடிவை இங்கே போட்டால் எனக்கும் உதவும்.