கைனேஸ்: இயக்கியா, ஏற்றியா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

கைனேஸ் என்ற நொதிவகைக்குத் தமிழ்ப்பெயர் வைப்பது பற்றி நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில்கள் இதோ.

> புரோட்டீன் கைனேஸ் என்பதற்குப் ‘புரத இயக்கி’ என்று வைத்துவிடலாம். கைனேஸ் என்பதே இயக்கத்தைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்ததுதானே.

வேர் சரிதான். ஆனால் அதை நம்பிப் போனால் நொதி செய்யும் வேலை கைநழுவிவிடும். அந்தப் பெயரை முதலில் வாங்கியவற்றுள் ஒன்று எண்டிரோகைனேஸ். குடலில் டிரிப்சினோஜனை வெட்டி, புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினாக்குகிற நொதி அது. ‘இயக்கி’ அதற்குப் பொருந்தும். நாம் இன்று கைனேஸ் என்கிற கூட்டத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இன்றைய கைனேஸின் வேலை ஒன்றே ஒன்றுதான். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் கடைசி பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு மூலக்கூறில் மாட்டிவிடுகிறது. அந்த மூலக்கூறு புரதம் என்றால், பெரும்பாலும் செரீன், திரியோனின், டைரோசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களில் ஒன்றின் ஹைட்ராக்சில் தொகுதியில் அது ஏறும். ஏறிய பின் அந்தப் புரதம் முடுக்கம் பெறுமா, அடங்கிப்போகுமா என்பது புரதத்தைப் பொறுத்தது.

தசையைப் பாருங்கள். அட்ரினலின் வந்ததும் செல்லுக்குள் சுழல் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு பெருகி, புரதக் கைனேஸ் ஏ என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அது பாஸ்பரிலேஸ் கைனேஸுக்குப் பாஸ்பேட் ஏற்றுகிறது. அந்த நொதி, சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜனை உடைக்கும் கிளைக்கோஜன் பாஸ்பரிலேஸின் 14ஆவது இடத்துச் செரீனில் பாஸ்பேட் ஏற்றுகிறது. உடனே கிளைக்கோஜன் உடையத் தொடங்கும். அதே புரதக் கைனேஸ் ஏ, கிளைக்கோஜனைக் கட்டும் நொதிக்கும் பாஸ்பேட் ஏற்றுகிறது. அந்த நொதியோ வேலையை நிறுத்திவிடுகிறது! ஒரே கை, ஒரே செயல், ஓரிடத்தில் முடுக்கம், மற்றோரிடத்தில் முடக்கம். இதை ‘இயக்கி’ என்றால் மாணவர் பாதிக் கதையைத் தவறாகப் படிப்பார். எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் 1950களில் இந்தப் பாஸ்பரிலேஸை ஆராயும்போதுதான் பாஸ்பேட் ஏற்றி இறக்கிப் புரதங்களைக் கட்டுப்படுத்தும் முறை பிடிபட்டது. 1992இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே விளைவை விட்டுவிட்டுச் செயலைச் சொல்லும் பெயராக இருக்கட்டும்: பாஸ்பேட்டேற்றி. ஆக்சிஜனேற்றம், ஹைட்ரஜனேற்றம் எல்லாம் பாடநூலில் ஏற்கெனவே புழங்குவதால் ‘பாஸ்பேட்டேற்றம்’ யாருக்கும் உறுத்தாது. எதிர்வேலை பார்க்கும் பாஸ்பட்டேஸ், ‘பாஸ்பேட்டகற்றி’ ஆகிவிடும். ‘பாஸ்பரிலேற்றி’ மட்டும் வேண்டவே வேண்டாம். பாஸ்பரிலேஸ் என்பது வேறொரு நொதி, மேலே பார்த்தோமே, இரண்டும் குழம்பிவிடும்.

குளுக்கோஸுக்குப் பாஸ்பேட் ஏற்றும் ஹெக்சோகைனேஸும் இருப்பதால், ‘புரத’ என்ற முன்னொட்டைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

---

> பெயர் நீளம். நோயாளிக்கு மருந்தைப் பற்றி எழுதும்போது ‘டைரோசின் பாஸ்பேட்டேற்றித் தடுப்பான்’ என்றால் பாதியிலேயே மூச்சு வாங்கும். கைனேஸ் என்றே விட்டுவிட்டால் என்ன?

நோயாளிக்கான குறிப்பில் தாராளமாக விட்டுவிடுங்கள். மருந்துச் சீட்டில் இருக்கிற சொல்லையே அவர் தேடிப் பார்ப்பார். பாடம் எழுதுகிறவருக்கு அந்த நீளம் உதவுகிறது. இமாட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்வோம். நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றில் 9ஆவது, 22ஆவது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் பிசிஆர், ஏபிஎல் என்ற இரு மரபணுக்கள் ஒட்டிப்போகின்றன. ஏபிஎல் ஒரு டைரோசின் பாஸ்பேட்டேற்றி. தனியாக இருக்கும்போது அதற்குக் கடிவாளம் உண்டு. ஒட்டிய பிறகு ஓயாமல் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டே இருக்கும், செல்லும் பெருகிக்கொண்டே இருக்கும். இமாட்டினிப் போய் ஏடிபி உட்காரும் குழியில் உட்கார்ந்துகொள்கிறது. ஏற்றுவதற்குப் பாஸ்பேட் கிடைக்காது. பெயரிலேயே ‘ஏற்றி’ இருந்தால், மருந்து எதைத் தடுக்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2001இல் இதற்கு அனுமதி கிடைத்தது. அப்புறம் சிலரிடம் 315ஆவது இடத்துத் திரியோனின் ஐசோலியூசினாக மாறி, மருந்து குழிக்குள் நுழைய முடியாமல் போனதும், அதையும் சமாளிக்கும் போனாட்டினிப் வந்ததும் தனிக்கதை.

---

> செயலைச் சொல்லும் பெயர் என்கிறீர்கள். செயலே இல்லாத கைனேஸ்கள் இருக்கின்றனவே? மனித மரபணுத் தொகுதியில் 2002இல் கணக்கிட்ட 518 புரதக் கைனேஸ்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு வினைக்குத் தேவையான அமினோ அமிலங்களில் ஏதாவது ஒன்று இல்லை. அவற்றையும் ‘ஏற்றி’ என்பதா?

நல்ல கேள்வி. அவற்றுக்கு ஆங்கிலத்திலும் ‘போலி’ என்ற அடைதான். ‘போலிப் பாஸ்பேட்டேற்றி’ என்போம். போலி என்பதால் சும்மா கிடப்பவை என்று பொருளில்லை. ஜேஏகே2 என்ற புரதத்தில் மெய்யான பாஸ்பேட்டேற்றிப் பகுதியை ஒட்டியே ஒரு போலிப் பகுதி இருந்து, அதை அடக்கி வைக்கிறது. அந்தப் போலிப் பகுதியின் 617ஆவது இடத்தில் வேலின் ஃபீனைல்அலனீனாக மாறினால் அடக்கம் தளர்கிறது; எலும்பு மச்சை சிவப்பணுக்களை அளவு மீறிப் பெருக்கத் தொடங்குகிறது. இப்படிச் சிவப்பணு மிகும் பாலிசைதீமியா வேரா நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் காணப்படுவது இந்த ஒரு மாற்றம்தான். ‘புரத இயக்கி’யோடு ‘போலி’யைச் சேர்த்துப் பாருங்கள், போலிப் புரதத்தை இயக்குவதா, இயக்கியே போலியா என்று தெரியாது.

யாருக்கும் மறுப்பில்லை என்றால் பாஸ்பேட்டேற்றி, பாஸ்பேட்டகற்றி இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கிறேன். இன்சுலின் ஏற்பி தன் டைரோசின்களிலேயே பாஸ்பேட் ஏற்றிக்கொள்கிறதே, அந்த வினைக்குத் ‘தற்பாஸ்பேட்டேற்றம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வாயில் நுழைகிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.