.308 ரைபிளுக்கு எந்தக் கம்பெனித் தோட்டா சேரும்? எப்படிச் சோதிப்பது?

சாரல்வழி:

வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மலைக்காடுகளில் கடமான் வேட்டைக்கான துப்பாக்கி: டிக்கா டி3எக்ஸ் லைட், .308 வின்செஸ்டர், 1:11 ட்விஸ்ட் (குழலின் உள்வரிகள் 11 அங்குலத்துக்கு ஒரு சுற்று), சுமார் 57 செ.மீ. பேரல், 3-9x40 ஸ்கோப். ரீலோடிங் (வெற்றுக் கூட்டில் நானே மருந்தும் குண்டும் நிரப்புவது) செய்யும் எண்ணம் இல்லை. கடையில் கிடைக்கும் தோட்டாக்களில் இந்தத் துப்பாக்கிக்கு ஏற்றதைக் கண்டுபிடித்து, அதையே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

100 மீட்டரில் மூன்று வகை சுட்டுப் பார்த்தாயிற்று. மலிவான 150 கிரெயின் (குண்டின் எடை) சாஃப்ட் பாயிண்ட் (ஈய முனை தெரியும் குண்டு) முதலில் 2 செ.மீ. குரூப் (ஓட்டைகள் சிதறிய அகலம்) தந்தது, அடுத்த முறை அதே பெட்டித் தோட்டா 5.5 செ.மீ. 165 கிரெயினில் இரண்டு ஓட்டைகள் ஒட்டியே விழுகின்றன, மூன்றாவது 4 செ.மீ. தள்ளிப் போகிறது. 180 கிரெயின் 4.5 செ.மீ., அதுவும் 150 கிரெயின் விழுந்த இடத்திலிருந்து நன்றாகக் கீழே, கொஞ்சம் இடப்பக்கமாக. எல்லாமே மூன்று வெடி குரூப்.

கேள்விகள்: 150 கிரெயினை நம்பலாமா? 165-இல் தனியாகப் போகும் அந்த மூன்றாவது வெடிக்குக் காரணம் என்ன? இன்னும் எத்தனை வகை வாங்கிப் பார்ப்பது? பெட்டி விலை கையைக் கடிக்கிறது.

நேர்க்குழல்:

தோட்டாவைக் குறை சொல்லும் முன் துப்பாக்கியின் திருகுகளைப் பாருங்கள். ஸ்கோப் மவுண்ட், ரிங், போல்ட் ஓடும் உலோகப் பகுதியோடு ஸ்டாக்கைப் பிடிக்கும் இரண்டு ஆக்‌ஷன் திருகு எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்க வேண்டும். ரிங் மூடித் திருகுகளுக்குப் பொதுவாக 2 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் ஸ்கோப் குழாய் நசுங்கும். ஆக்‌ஷன் திருகுக்கு உங்கள் கையேட்டில் போட்டிருக்கும் அளவு. முடுக்கும்போது துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி, ரிகாயில் லக் (உதையைத் தாங்கும் உலோகக் கட்டை) தன் பள்ளத்தில் பின்பக்கமாக அமர்ந்திருப்பதை உறுதிசெய்த பிறகே முடுக்குங்கள். லக் சரியாக அமராவிட்டால் ஒவ்வொரு வெடிக்கும் ஆக்‌ஷன் சற்றே நகரும். எந்தத் தோட்டா போட்டாலும் குரூப் இரண்டாகப் பிரியும்.

பிறகு ஒரு தாளை மடித்து பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே நுனியிலிருந்து ஆக்‌ஷன் வரை ஓட்டிப் பாருங்கள். டிக்காவில் தடையில்லாமல் போக வேண்டும். எல்லாத் துப்பாக்கிக்கும் இந்த விதி பொருந்தாது. பழைய ரெமிங்டன் 700 மர ஸ்டாக்குகளில் நுனியில் வேண்டுமென்றே ஒரு அழுத்தப் புள்ளி வைத்திருப்பார்கள். தாள் தடுக்கிறதே என்று அதைச் சுரண்டிவிடக் கூடாது.

இப்போது உங்கள் எண்கள். மூன்று வெடி குரூப் ஒன்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சராசரியாக மூன்று வெடியில் 2.5 செ.மீ. தரும் துப்பாக்கி, அதே தோட்டாவில் ஐந்து வெடிக்குச் சுமார் 3.2 செ.மீ., பத்து வெடிக்குச் சுமார் 4 செ.மீ. தரும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. வெடிகள் கூடக்கூட ஓரத்தில் விழும் வெடிகளும் கணக்கில் வருகின்றன, அவ்வளவுதான். அதே துப்பாக்கி தனித்தனி மூன்று வெடி குரூப்களில் ஒருநாள் 1.5 செ.மீ., மறுநாள் 3.5 செ.மீ. என்று காட்டுவதும் வெறும் தற்செயலாகவே நடக்கும்.

அதனால் உங்கள் 150 கிரெயினின் 2 செ.மீ. குரூப்பைப் பார்த்து மகிழ வேண்டாம், 5.5-ஐத்தான் கவனியுங்கள். குரூப் அடுத்தடுத்த வெடிகளில் பெருகுமே தவிர ஒருபோதும் சுருங்காது. மூன்றே வெடியில் 5.5 போனது பத்து வெடியில் அதைவிடக் குறையாது. சுட்ட விதத்திலோ திருகிலோ கோளாறு இல்லை என்று தெரிந்தால், அந்தத் தோட்டாவை அங்கேயே ஒதுக்கலாம். சின்ன குரூப்புக்கு இந்தத் தைரியம் கூடாது, அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

165-இல் "இரண்டு ஒட்டி, ஒன்று தள்ளி" என்றீர்கள். தாறுமாறாக மூன்று புள்ளி வைத்தாலும் ஏதோ இரண்டு மற்றதைவிட நெருங்கித்தான் இருக்கும். அந்த மூன்றாவதை "தவறிப்போன வெடி" என்று கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அது உங்கள் துப்பாக்கியின் உண்மையான சிதறலில் ஒரு பகுதி. ஒவ்வொரு குரூப்பிலும் மூன்றாவது வெடியே ஒரே திசையில் போனால் மட்டும் மெல்லிய பேரல் சூடேறுவதைச் சந்தேகிக்கலாம்.

180 கிரெயின் வேறிடத்தில் விழுவது குறையே இல்லை. எடையும் வேகமும் மாறும்போது வெடி வெளியேறும் கணத்தில் பேரல் அதிரும் நிலையும் மாறும். பக்கவாட்டில்கூட 5 செ.மீ. தள்ளி விழலாம். குரூப் இறுக்கத்தைச் சோதிக்கும் வரை ஸ்கோப்பைத் தொடாதீர்கள். எங்கே விழுகிறது என்பதைக் கடைசியில் சரிசெய்துகொள்ளலாம்.

கிழக்குக்கரை:

நேர்க்குழல் அண்ணை சொன்னது முழுக்கச் சரி. நான் சன்னத்தைப் (குழலால பறந்து போற குண்டு) பற்றிச் சொல்லுறன், ஏனெண்டால் கன பேர் தாளில சின்ன குரூப் தேடி, மரைக்குப் (நீங்கள் சொல்லுற கடமான்தான்) பொருந்தாத சன்னத்தில போய் நிக்கினம்.

விக்டோரியாவில மரைக்குச் சட்டப்படி குறைந்தது .270 கலிபர், 130 கிரெயின் சன்னம் வேணும். .308-இல எந்த வேட்டைத் தோட்டாவும் இதைத் தாண்டும். ஆனால் சட்டத்தின்ர எல்லை வேற, மிருகத்தின்ர உடம்பு வேற. இங்க திரியிற மரைகள் 1860களில இலங்கையிலயும் இந்தியாவிலயும் இருந்து கொண்டுவந்து விட்டதுகளின்ர வழி. வளர்ந்த கிடாய் 200 கிலோவைத் தாண்டும், தோள் எலும்பு தடிப்பு, தோலும் அப்பிடி. பள்ளத்தாக்குப் பத்தைக்குள்ள 40, 50 மீற்றரில வெடி வைக்க வேண்டி வரும். அந்தத் தூரத்தில சன்னத்தின்ர வேகம் இன்னும் குறையேல்லை. மெல்லிய உறை போட்ட 150 கிரெயின் சாதாரண சன்னம் தோள் எலும்பில பட்டால் உள்ளுக்குப் போகாமல் மேலேயே உடைஞ்சு சிதறலாம். காயத்தோட ஓடுற மரையை அந்தச் சரிவில தேடிப் பிடிக்கிறது லேசில்லை, அந்த மிருகத்துக்கும் அது கொடுமை.

அதால முதலில சன்னத்தைத் தெரிவு செய்யுங்கோ, பிறகு அதுக்குள்ள உங்கட துவக்கு எதை விரும்புது எண்டு பாருங்கோ. .308-க்கு ஈயமும் உறையும் ஒட்டின வகை: ஃபெடரல் ஃபியூஷன் 165 அல்லது 180, நோர்மா ஓரிக்ஸ் 180, சாக்கோ ஹேமர்ஹெட் 180. முழுச் செம்பு வேணுமெண்டால் பார்ன்ஸ் வோர்-டிஎக்ஸ் 150 அல்லது 168. விலை குறைய வேணுமெண்டால் வின்செஸ்டர் பவர் பாயிண்ட் 180 போதும். சாதாரணச் சன்னம்தான், ஆனால் எடையும் மெதுவான வேகமும் அதைக் காப்பாத்தும். ஹோர்னடி பிரிசிஷன் ஹண்டர் 178 பல துவக்குகளில மிக இறுக்கமான குரூப் தரும். அது வெட்டவெளியில தூரத்து வெடிக்கு நல்லது. பத்தைக்குள்ள கிட்டத்தில தோளில வைக்க எண்டு நான் எடுக்கமாட்டன்.

ட்விஸ்ட் 1:11 எண்டீங்கள். சன்னம் நிலையாகச் சுழலுதா எண்டதை எடையைவிட அதின்ர நீளம்தான் தீர்மானிக்கும். ஈயச் சன்னத்தில 180 வரைக்கும் ஒரு கவலையும் இல்லை. செம்பு ஈயத்தைவிட இலேசு, அதே எடைக்குச் செம்புச் சன்னம் நீளமாயிருக்கும். அதால செம்பில 150-இல துவங்குங்கோ. செம்பு எலும்பில பட்டும் எடையை இழக்காது, 150 போதும்.

நேர்க்குழல்:

பட்டியல் நன்று. இதிலிருந்து நான்கு வகை, வகைக்கு ஒரு பெட்டி, மொத்தம் 80 தோட்டா. அதற்கு மேல் வாங்க வேண்டியதில்லை. செய்முறை இதோ.

முன்பக்கம் மணல் பை ஸ்டாக்குக்கு அடியில். பேரலில் படவே கூடாது. பின்பக்கம் ஒரு சிறிய பை, இடது கையால் அதைப் பிசைந்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். 3 கிலோவுக்குக் குறைந்த துப்பாக்கியில் .308 நன்றாகவே உதைக்கும். உதை வருமென்று தோள் முன்கூட்டியே சுருங்கினால் குரூப் விரியும், பழி தோட்டா மேல் விழும். நண்பரை விட்டு மேகசினில் உங்களுக்குத் தெரியாமல் ஒரு டம்மி (வெடிக்காத) தோட்டாவைச் சேர்க்கச் சொல்லுங்கள். டம்மியில் குழல் நுனி துள்ளினால் அன்று சோதனையை விட்டுவிடுங்கள்.

முதல் சுற்று: ஒவ்வொரு வகையிலும் 5 வெடி. மூன்று சுட்டதும் பேரலை ஆறவிட்டு மீதி இரண்டு. ஆறியதா என்பதற்குக் கை வைத்துப் பார்ப்பதே போதும். தோட்டா அமரும் அறைக்கு முன்னால் உள்ள தடித்த பகுதியில் கை இயல்பாகத் தங்க வேண்டும். போல்ட்டைத் திறந்து வைத்து, துப்பாக்கியை நிழலில் நிறுத்துங்கள். சூடான அறைக்குள் தோட்டாவை ஏற்றி வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். வெடிமருந்து சூடாகி அழுத்தம் கூடும்.

ஐந்து வெடியில் 5 செ.மீ.-ஐத் தாண்டியது வெளியே. மிஞ்சியவற்றை வேறொரு நாளில், அதே குறிப்புள்ளியில், புதுத் தாளில் இன்னும் 5 வெடி. இரண்டு தாள்களையும் குறிப்புள்ளி பொருந்த அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் பத்து வெடி குரூப் கிடைத்துவிடும். ஒரே நாளில் பத்தும் சுடுவதைவிட இதில் உண்மை அதிகம், ஏனென்றால் இரண்டு நாள் வெப்பம், இரண்டு நாள் தோள் எல்லாமே உள்ளே வந்துவிடுகின்றன. இரண்டு நாள் குரூப்பும் தனித்தனியே சின்னதாக இருந்து, அடுக்கும்போது விலகி நின்றால் தோட்டாவை விட்டு ஸ்கோப்பையும் மவுண்ட்டையும் சந்தேகியுங்கள்.

100 மீட்டரில் பத்து வெடியும் 6 செ.மீ.-க்குள் அடங்கினால் அந்தத் தோட்டா காட்டுக்குப் போதும். 200 மீட்டரில் அது 12 செ.மீ.; கடமானின் நெஞ்சுக்கூட்டில் 20 செ.மீ. தட்டை இலக்காக வைத்துக்கொண்டால் உள்ளேயே இருக்கிறது. 4 செ.மீ. தருவதற்கும் 5 செ.மீ. தருவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்து வெடியில் நிரூபிக்க முடியாது, காட்டில் அது தெரியவும் தெரியாது. அந்த இடத்தில் சன்னத்தின் தரத்தையும், கடையில் தொடர்ந்து கிடைக்கிறதா என்பதையும் வைத்து முடிவெடுங்கள்.

சாரல்வழி:

இருவருக்கும் நன்றி. ஆக்‌ஷன் திருகுகளில் முன்பக்கத்தது தளர்ந்திருந்தது, முடுக்கியாயிற்று. இன்னும் மூன்று சந்தேகம். கிரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வாங்கி வேகம் ஒரே சீராக உள்ளதா பார்க்க வேண்டுமா? செம்புத் தோட்டாவையும் ஈயத் தோட்டாவையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிச் சுடலாமா? தேர்ந்தெடுத்த பின் ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே வெடி விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது) எந்தத் தூரத்தில் வைப்பது?

நேர்க்குழல்:

முன் திருகு தளர்ந்திருந்தது என்றால் பழைய குரூப்கள் எதுவும் கணக்கில்லை. 150-ஐ ஒதுக்கச் சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன். மரைக்கு வேண்டாம் என்று கிழக்குக்கரை சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது.

கிரோனோகிராஃப் உங்களுக்கு அவசியமில்லை. .308-இல் ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் வேகம் விநாடிக்கு 9 மீட்டர் வேறுபட்டாலும் 100 மீட்டரில் மேல்-கீழ் வித்தியாசம் 2 மி.மீ.தான், 300-இல்கூட 2 செ.மீ.-க்குள். உங்கள் தாளில் குரூப் செங்குத்தாக நீண்டால் மணல் பையையும் தோளழுத்தத்தையும் பாருங்கள், வேகம் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெட்டியில் அச்சிட்ட வேகம் 61 செ.மீ. சோதனை பேரலில் அளந்தது. உங்களுடையதில் சற்றுக் குறையும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

செம்பு, ஈயம் கலக்காதீர்கள். ஈயச் சன்னத்தின் உறை செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அது பேரலில் விட்ட படிவின் மேல் தூய செம்பு ஓடும்போது குரூப் காரணமில்லாமல் விரியும். செம்புக்குப் போகும் முன் செம்பு கரைப்பான் போட்டு, துணியில் நீலம் வராத வரை துடைத்து, பிறகு 3 முதல் 5 வெடி கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள். செம்பு வகையை வேறொரு நாளுக்கு ஒதுக்கினால் இன்னும் எளிது.

ஜீரோ: 165 கிரெயினுக்கு 100 மீட்டரில் 5 செ.மீ. மேலே வையுங்கள். 180 மீட்டர் வாக்கில் குறிக்கோட்டைத் தொடும், 200-இல் 4 முதல் 5 செ.மீ. கீழே. 200 மீட்டர் வரை நெஞ்சின் நடுவில் நேராக வைத்தால் போதும்.

கிழக்குக்கரை:

ஒண்டு விட்டுப்போச்சு. தோட்டா முடிவானதும் பெட்டி மடலில இருக்கிற லாட் நம்பரைப் (ஒரே தொகுதியில செய்த தோட்டாவுக்குப் போடுற எண்) பாருங்கோ. ஒரே பேர், ஒரே எடை, ஆனால் லாட் மாறினால் மருந்தும் மாறியிருக்கலாம், விழுற இடமும் மாறும். அதே லாட்டில அஞ்சு பெட்டி சேர்த்து வாங்கினால் 100 தோட்டா, சில பருவத்துக்குக் காணும். பிறகு புது லாட் வாங்கினால் பழையதில மிச்சம் இருக்கேக்குள்ளேயே ஒரே தாளில ரெண்டிலயும் 5 வெடி வைச்சு ஒப்பிடுங்கோ.

வேட்டைக்குப் போக முதல் எண்ணெய் போட்ட பேரலை உலர்துணியால துடையுங்கோ. எண்ணெயோட போற முதல் வெடி மற்றதுகளோட சேராமல் விலகலாம், மரைக்கு வைக்கிறது அந்த முதல் வெடிதான். ரேஞ்சுக்குப் போற ஒவ்வொரு நாளும் குளிர்ந்த பேரலில வைக்கிற முதல் வெடியை மட்டும் தனித் தாளில பதிஞ்சு, அதே தாளைத் திரும்பத் திரும்பப் பாவியுங்கோ. அதில அஞ்சு ஓட்டை சேர்ந்த பிறகு ஜீரோவில கை வையுங்கோ.